இரண்டு கம்ப்யூட்டரில் உள்ள பாட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது எதை அழிக்கலாம்?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய லேப்டாப்பில் சுமார் 9,000 பாட்டு, தம்பியின் டெஸ்க்டாப்பில் 6,000. பல வருடமாக ஒருவருக்கொருவர் பென்டிரைவில் கொடுத்து வாங்கியதால் பாதிக்கு மேல் ஒன்றேதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சேர்க்க வேண்டும், எந்தப் பாட்டும் இரண்டு தடவை இருக்கக் கூடாது, இதற்கு நல்ல இலவச சாஃப்ட்வேர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்வேர் பெயர்கள் கீழே வரும். ஆனால் அதற்கு முன் நீங்கள் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. எந்த இரண்டு ஃபைலை 'ஒரே பாட்டு' என்று ஒத்துக்கொள்வீர்கள்? இதை நீங்கள் முடிவு செய்யவில்லை என்றால் சாஃப்ட்வேர் தானே முடிவு செய்துகொள்ளும். அது செய்த முடிவு ஆறு மாதம் கழித்து, ஏதோ ஒரு பாட்டைத் தேடும்போதுதான் தெரியவரும்.

பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகு கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றுவது பொழுதுபோக்காக ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் சொல்வது இது: சேர்ப்பது ஒரு வேலை, கழிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் டிஸ்க்கில் கொண்டுவந்து சேருங்கள், இரட்டையாக இருந்தாலும் இருக்கட்டும். ஒரு பாட்டுக்குச் சராசரியாக 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் 15,000 பாட்டும் 75 ஜிபிக்குள் அடங்கிவிடும். இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு மூலை. வேலை முழுதும் முடிந்து, நீங்கள் ஒரு மாதமாவது அந்த டிஸ்க்கில் பாட்டுக் கேட்டுப் பார்க்கும்வரை லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் இருப்பதைத் தொடவே வேண்டாம்.

டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் போடுங்கள், ஒன்று உங்கள் பெயரில், ஒன்று தம்பி பெயரில். அவரவர் பாட்டு அவரவர் ஃபோல்டருக்குள், உள்ளே இருக்கும் அடுக்கு மாறாமல் அப்படியே போகட்டும். நேராக ஒரே ஃபோல்டரில் கொட்டினால் விண்டோஸ் குறுக்கே வந்து, இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதே, மாற்றவா, விடவா என்று கேட்கும். சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் பலவற்றுக்கு 'டிராக் 01' என்றுதான் பெயர் இருக்கும். நாற்பதாவது தடவை அந்தப் பெட்டி வரும்போது சலித்துப்போய் 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்திவிடுவோம். பெயர் ஒன்று, பாட்டு வேறு. ஒன்று போய்விடும், போனதே தெரியாது.

இனி இரட்டை என்பதற்கு வருவோம். இதில் நான்கு விதம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பகம் வேறு.

முதல் விதம், ஃபைல் இரண்டும் பைட்டுக்குப் பைட்டு ஒன்றாக இருப்பது. பென்டிரைவில் நகலெடுத்து அதன் பிறகு யாரும் தொடாத பாட்டுகள் இந்த வகை. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. சாஃப்ட்வேர் முதலில் ஃபைல் அளவைப் பார்க்கும், அளவு ஒத்துப்போனால் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹேஷ், அதாவது அந்த உள்ளடக்கத்துக்கான அடையாள எண், கணக்கிட்டு ஒப்பிடும். ஷா-256 போன்ற ஹேஷ் இரண்டிலும் ஒன்றாக வந்தால், பெயர் என்னவாக இருந்தாலும், அது ஒரே ஃபைல்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை ஒதுக்கலாம். டூப்குரு, ச்காவ்கா இரண்டுமே இதைச் செய்யும், இரண்டும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். (ச்காவ்கா என்றால் போலிஷ் மொழியில் விக்கல் என்று அர்த்தம். இணையத்தில் தேட ஆங்கிலத்தில் சி, இசட், கே, ஏ, டபிள்யூ, கே, ஏ என்று அடிக்க வேண்டும்.)

இங்கேதான் பலரும் ஏமாற்றமடைவார்கள். பாதிக்கு மேல் ஒன்றாக இருக்கும் என்று நினைத்து ஓட்டினால் சில நூறுதான் சிக்கும். சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. எம்பி3 ஃபைலுக்குள் பாட்டு மட்டும் இல்லை. தலைப்பு, பாடியவர், ஆல்பம், அட்டைப்படம் எல்லாம் டேக் என்ற பெயரில் அதே ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பழைய வகை டேக் ஃபைலின் கடைசி 128 பைட்டில் இருக்கும். புதிய வகை ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும், அட்டைப்படம் உட்பட. உங்கள் தம்பி ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தாலும், பிளேயர் தானாக ஒரு படத்தை ஒட்டியிருந்தாலும், ஃபைல் மாறிவிட்டது, ஹேஷும் மாறிவிட்டது. காதுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. ஒலி ஒன்று, டேக் வேறு என்ற இதுதான் இரண்டாவது விதம். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்த ஃபைலின் தலைப்பகுதியிலேயே, சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் எம்டி5 என்ற ஹேஷ் எண் எழுதப்பட்டிருக்கும். டேக்கை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த எண் மாறாது. எம்பி3யில் அப்படி இல்லை, அதனால் அடுத்த விதத்தோடு சேர்த்துப் பிடிப்பதே எளிது.

மூன்றாவது விதம், ஒரே ஒலிப்பதிவு, ஆனால் வேறு வேறு தரத்தில். உங்களிடம் 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்), தம்பியிடம் 320. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஒன்று 4.8 எம்பி, மற்றது 12 எம்பி. இதைப் பிடிக்க இரண்டு வழி இருக்கிறது: டேக்கை ஒப்பிடுவது, ஒலியை ஒப்பிடுவது. தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்கள் டேக்கை நம்பவே கூடாது என்பது என் கட்சி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு திரைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் என்ற இடத்தில் ஒரு ஃபைலில் பாடகர் பெயர் இருக்கும், அடுத்ததில் இசையமைப்பாளர் பெயர், மூன்றாவதில் கதாநாயகன் பெயர். சரி, மூன்றிலும் இசையமைப்பாளர்தான் என்று வைத்துக்கொள்வோம். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? 'ல'வுக்குப் பிறகு ஐ போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு, 'ரா'வுக்கு இரண்டு ஏ போடுபவர் உண்டு, ஒன்றோடு நிறுத்துபவர் உண்டு. தலைப்பில் 'மழை' என்று வந்தால் ஒருவர் இசட்-ஹெச் போடுவார், மற்றவர் எல் போட்டுவிட்டுப் போவார். பழைய வகை டேக்கில் தலைப்புக்கு இடமே 30 எழுத்துதான், அதனால் நீளமான முதல் வரி பாதியில் நிற்கும். இது போதாதென்று, இலவசமாக இறக்கிய பாட்டுகளில் எல்லாம் அந்தத் தளத்தின் பெயர் தலைப்பிலும் ஆல்பத்திலும் வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

தமிழிலேயே பெயர் வைத்திருந்தால் இன்னொரு வேடிக்கை. யூனிகோடில் 'கொ' என்பதன் துணைக்குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கோ, கௌ இரண்டுக்கும் இதே கதைதான். விண்டோஸில் நாம் தட்டுவது பெரும்பாலும் ஒரே குறி. மேக்கின் பழைய ஃபைல் முறை பெயரைப் பிரித்து வைத்துக்கொள்ளும். அதனால் மேக்கிலிருந்து வந்த 'கொஞ்சம்' என்ற ஃபைலும் விண்டோஸில் உருவான 'கொஞ்சம்' என்ற ஃபைலும் ஒரே ஃபோல்டரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு இரண்டு. கடைக்கு வந்த ஒருவர் இதை வைரஸ் என்றே நினைத்துக்கொண்டு வந்தார். யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரியான எழுத்துருவில் தட்டிய பெயர்கள் வேறு இருந்தால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பெயரை வைத்துச் செய்யும் எந்த ஒப்பீடும் அவற்றைப் பிடிக்காது.

ஆகவே ஒலியை ஒப்பிடும் வழிக்குப் போங்கள். இதற்குப் பெயர் ஒலிக் கைரேகை. குரோமாபிரிண்ட் என்ற திறமூல நிரல் இந்த வேலையைச் செய்கிறது. பாட்டின் ஒலியை எடுத்து, எந்த நேரத்தில் எந்தச் சுரம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று 12 பெட்டிகளில் போட்டுப் பார்க்கும். நம் பன்னிரண்டு சுரஸ்தானங்கள் மாதிரியேதான். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்ற பேதம் அதற்கு இல்லை, எல்லா 'ச'வும் ஒரே பெட்டி. அதனால் 128ஆக இருந்தாலும் 320ஆக இருந்தாலும் கைரேகை ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ச்காவ்காவில் இசை ஃபைல்களை உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும் தேர்வு இருக்கிறது, அதைப் போடுங்கள். மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டும் இதே கைரேகையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது இணையத்தில் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு டேக்கைத் திருத்தும் கருவி. அந்தத் தரவுத்தளம் தன்னார்வலர்கள் நிரப்பியது, தமிழ்ப் பாட்டுகளில் ஓட்டைகள் நிறைய. இரட்டையைக் கண்டுபிடிக்க அதைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கைரேகையையும் முழுதாக நம்ப முடியாது. குரோமாபிரிண்ட் வழக்கமாகப் பார்ப்பது பாட்டின் முதல் 120 விநாடியைத்தான். முதல் இரண்டு நிமிடம் ஒன்றாக இருந்து, பிறகு ஒரு சரணம் வெட்டப்பட்ட பாட்டை அது ஒன்றென்றே சொல்லக்கூடும். சுருதி மாறினால் எதிர்ப்பக்கமாகத் தவறிவிடும். கேசட் ஓடும் வேகம் ஆறு சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும், அப்புறம் எல்லாப் பெட்டியும் ஒன்று தள்ளிப்போகும், ஒரே பாட்டு வேறு பாட்டாகிவிடும். ஆகவே கைரேகை ஒன்று என்று சொன்னால், அடுத்து நீளத்தைப் பாருங்கள். எம்பி3யாக மாற்றும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றொலி சேரும், மாற்றும் நிரலைப் பொறுத்து அது மாறுபடும், அதனால் ஒரு விநாடி இரண்டு விநாடி வித்தியாசத்தை விட்டுவிடலாம். பத்து விநாடிக்கு மேல் போனால் இரண்டையும் ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஏனென்றால் அங்கிருந்துதான் நான்காவது விதம் தொடங்குகிறது: ஒரே பாட்டு, வேறு பதிவு. சந்தோஷமாக ஒரு தடவை, சோகமாக ஒரு தடவை வரும் திரைப்பாடல்கள் நம்மிடம் ஏராளம். ஆண் பாடியது ஒன்று, பெண் பாடியது ஒன்று என்று வரும். முதல் வரி ஒன்றே, படம் ஒன்றே, சில சமயம் பாடியவரும் ஒருவரே. டேக்கை வைத்து ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு இரட்டை. மெட்டும் சுருதியும் பின்னணி வாத்தியமும் ஒன்றென்றால் கைரேகைகூடத் தடுமாறும். பழைய படப் பாடல்களில் இன்னும் ஒன்று: 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் அளவுக்குத்தான் இடம் இருக்கும். நீளமான பாட்டைச் சுருக்கியோ இரண்டு பக்கமாகப் பிரித்தோ போடுவார்கள். படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுத்ததும் இசைத்தட்டிலிருந்து எடுத்ததும் ஒரே பாட்டுதான், ஆனால் ஒன்று இருந்தால் போதும் என்று எனக்குச் சொல்ல மனம் வராது. கர்நாடக இசை வைத்திருந்தீர்கள் என்றால் விதி இன்னும் எளிது. ஒரே வித்வான் ஒரே கீர்த்தனையை ஐந்து கச்சேரியில் பாடியிருப்பார். தலைப்பு, ராகம், பாடியவர் எல்லாம் ஒன்று. நிரவலும் கல்பனாசுரமும் ஐந்திலும் வேறு. கச்சேரி ஃபோல்டர்களை இந்தக் கைரேகை வேலைக்குள் கொண்டுவரவே வேண்டாம், முதல் விதமான ஹேஷ் ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவின் கேசட்டுகளை டிஜிட்டலாக்கியபோது அவசரத்தில் தலைப்பு என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் 'சைடு ஏ', 'சைடு பி' என்று மட்டும் போட்டு வைத்திருந்தேன், கேசட் பெயர் ஃபோல்டரில்தான் இருந்தது. வருடங்கள் கழித்து, உங்களைப் போலவே இரண்டு கம்ப்யூட்டரைச் சேர்க்கும்போது, டேக்கை வைத்து இரட்டை தேடினேன். பட்டியலில் நூற்றுக்கணக்கான வரி. மேலே இருபதைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது, 'அழி' என்று அழுத்திவிட்டேன். 'சைடு ஏ' ஒன்று மிச்சம், 'சைடு பி' ஒன்று மிச்சம். ஃபோல்டர் இருந்தது நெட்வொர்க் வழியாக இணைத்த இன்னொரு கம்ப்யூட்டரில். அப்படி அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரே மறைந்துவிடும். நல்லவேளை கேசட்டுகள் பரணில் இருந்தன. மறுபடி ஓட்டினேன், சி-60 என்றால் ஒரு மணி நேரம், சி-90 என்றால் ஒன்றரை மணி நேரம், குறுக்குவழி கிடையாது. பதினோரு கேசட்டுக்கு இரண்டு வார இரவுகள் போயின.

அன்றிலிருந்து எந்த இரட்டையையும் நான் அழிப்பதில்லை, நகர்த்துகிறேன். டூப்குரு, ச்காவ்கா இரண்டிலும் குறித்த ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றும் வசதி உண்டு. 'ஒதுக்கியவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் தள்ளுங்கள். இன்னொரு பாதுகாப்பு, உங்கள் ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிடுவது. அப்போது அந்த ஃபோல்டரிலிருந்து எதுவும் நீக்கப்படாது, தம்பி பக்கத்து நகல்கள் மட்டுமே பட்டியலில் வரும். முதல் விதத்துக்கு இது கச்சிதம். மூன்றாவது விதத்துக்குச் சரிவராது, ஏனென்றால் தம்பியிடம் இருப்பது நல்ல தரமாக இருக்கலாம்.

நல்ல தரம் எது என்பதிலும் ஏமாற்று இருக்கிறது. 320 என்று எழுதியிருப்பதெல்லாம் 320 இல்லை. யாரோ 128ஐ எடுத்து 320ஆக மறுபடி மாற்றி ஏற்றியிருப்பார்கள். ஃபைல் பெருத்திருக்கும், ஒலியில் முன்பு போனது திரும்பி வராது. ஸ்பெக் என்ற சிறிய இலவச நிரலில் ஃபைலைப் போட்டால் அதிர்வெண் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தரியால் வெட்டிய மாதிரி மேலே எல்லாம் கருப்பாக இருந்தால், அது ஒரு காலத்தில் 128ஆக இருந்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். உண்மையான 320 சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஆனால் இந்தச் சோதனை புதிய பாட்டுகளுக்குத்தான். ஐம்பது, அறுபதுகளின் பதிவுகளிலும் கேசட்டிலிருந்து எடுத்தவற்றிலும் அந்த உயரத்தில் ஆரம்பத்திலேயே ஒன்றும் இருந்திருக்காது. படத்தைப் பார்த்து அவற்றைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள், அங்கே காதுதான் நீதிபதி. பத்துப் பாட்டை இப்படிச் சோதித்தால் எந்தத் தளத்திலிருந்து வந்தவை போலி என்று ஒரு அடையாளம் பிடிபட்டுவிடும், மீதியை அதை வைத்தே தள்ளலாம்.

பிளேலிஸ்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைசியில் வருத்தப்படுவது அதற்குத்தான். பிளேலிஸ்ட் என்பது பாட்டுகளின் முகவரிப் பட்டியல், அவ்வளவே. பாட்டை நகர்த்தினால் முகவரி பொய்யாகிவிடும். வேலையைத் தொடங்கும் முன் இரண்டு கம்ப்யூட்டரிலும் பிளேலிஸ்டுகளை எம்3யு8 வடிவில் ஏற்றுமதி செய்து வையுங்கள். வெறும் எம்3யு வேண்டாம், 8 உள்ளதில்தான் தமிழ்ப் பெயர்கள் சிதையாது. அது சாதாரண உரை ஃபைல். நோட்பேடில் திறந்து பழைய டிரைவ் முகவரியைத் தேடிப் புதியதைப் போட்டு மாற்றினால் பெரும்பகுதி உயிர்பெற்றுவிடும். எத்தனை தடவை கேட்டோம், எத்தனை நட்சத்திரம் போட்டோம் என்பதை ஐடியூன்ஸ் போன்றவை பாட்டு ஃபைலில் எழுதாமல் தங்கள் நூலக ஃபைலில் வைத்துக்கொள்ளும். இரண்டு பேர் கணக்கையும் ஒன்றாக்க எளிய வழி இல்லை. யாருடையது முக்கியமோ அவர் நூலகத்தை அடிப்படையாக வைத்து மற்றவர் பாட்டுகளை அதில் சேருங்கள். 2009க்கு முன் ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பூட்டுப் போட்ட எம்4பி ஃபைல்கள் இருந்தால் அவை வாங்கியவர் கணக்கு உள்ள இடத்தில்தான் பாடும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோடு' செய்தவை இந்தக் கணக்கிலேயே வராது.

டேக் திருத்தும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திருத்தினால், மேலே சொன்ன மாதிரி, ஒன்றாக இருந்த ஃபைல்களை நீங்களே வேறாக்கிவிடுவீர்கள். இரட்டைகள் ஒதுங்கிய பிறகு எம்பி3டேக் என்ற நிரலைத் திறந்து தளப் பெயர் வால்களை மொத்தமாக வெட்டுங்கள். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளர், 'ஆர்டிஸ்ட்' என்ற இடத்தில் பாடியவர் என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டால் பிளேயரில் ஒரு படத்தின் பாட்டுகள் ஆறு துண்டாகச் சிதறாது.

நேரக் கணக்கு வேண்டுமென்றால், நகலெடுப்பது ஒரு மாலை. ஹேஷ் ஒப்பீடு யூஎஸ்பி வேகத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி. கைரேகை எடுப்பதை இரவு ஓடவிட்டுத் தூங்குங்கள். சந்தேகப் பட்டியலைக் காதால் கேட்டு முடிக்க நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகும். தம்பியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், எந்தப் பாட்டு எந்த சிடியிலிருந்து வந்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை இருவரும் புதிதாக இறக்கும் பாட்டுகளைப் பழைய ஃபோல்டரில் போடாமல் 'வரவு' என்று தனி ஃபோல்டரில் போட்டு வாருங்கள், இல்லையென்றால் முதல் ஞாயிறு செய்த வேலையை ஐந்தாவது ஞாயிறு மறுபடி செய்ய வேண்டிவரும்.